எம்.ஏ. ஆங்கிலம்: காலனியிலிருந்து ஒரு விண்ணப்பம்

திருக்கோவிலூர் பக்கம் ஒரு காலனியில் வாரத்துக்கு இரண்டு நாள் மாலை வகுப்பு நடத்தி வருகிறோம். ஒரு கோடை முடிகிற சமயம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு, கரும்பு வெட்டும் செட்டில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் மகளின் பி.ஏ. மதிப்பெண் பட்டியல்.

"தம்பி, பாப்பா எம்.ஏ. இங்கிலீசுதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிது. காலேசுல யாரோ ஒரு மேடம், உனக்கு அது வராது, பி.எட். போ, இல்லன்னா தமிழ் எடுன்னு சொல்லிட்டாங்களாம். ரெண்டு நாளா சரியா சோறு துன்னல. நீங்க தமிழ் படிச்சவரு. நீங்களே அதுக்கு எடுத்துச் சொல்லுங்க."

அவர் எதிர்பார்த்தது நமக்குப் புரிந்தது. தமிழ் முதுகலை படித்த நாம், தமிழையே எடு என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவோம் என்று நினைத்து வந்திருந்தார். நமக்கோ வாய் வரவில்லை. தமிழை விரும்பித்தான் எடுத்தோம் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேடைகளில் சொல்லி வருகிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஆங்கிலத் துறை வாசல் வரை போய்த் திரும்பி வந்த பயம். அன்றைக்கு அந்த வராந்தாவில் நின்றிருந்த பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போனோம். தமிழ்த் துறை அங்கே இருந்தது.

பெண்ணைக் கூப்பிடச் சொன்னோம். "ஏம்மா இங்கிலீசு?" என்று கேட்டோம். வேலை, சம்பளம், சென்னை என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தோம்.

"மூணு வருசமும் கைடை மனப்பாடம் பண்ணித்தான் பாஸ் பண்ணேன் சித்தப்பா. அறுபத்தொரு பர்சென்ட் வந்திருக்கு. ஆனா என்னா படிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. அதத் தெரிஞ்சிக்கணும்."

இதைவிட நல்ல காரணம் ஒரு முதுகலை மாணவருக்கு இருக்க முடியுமா? அன்றிரவே விண்ணப்பம் போட முடிவாயிற்று. அரசுக் கலைக் கல்லூரிகளில் முதுகலைச் சேர்க்கைக்கு இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். அரசு வாங்கியது 2 ரூபாய், பிரவுசிங் சென்டர் வாங்கியது 150 ரூபாய் என்று அண்ணன் பிறகு சொல்லிச் சிரித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள்தான் எம்.ஏ. ஆங்கிலத்தில் சேர முடியும் என்று நம் பிள்ளைகளில் பலர் நினைக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களில், எந்தப் பட்டப்படிப்பானாலும் பகுதி இரண்டில் ஆங்கிலம் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். வரலாறு படித்தவர், வணிகவியல் படித்தவர்கூடப் போகலாம். சேரப்போகும் கல்லூரியின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

யாருக்காக வந்த பாடம்?

ஆங்கில இலக்கியம் என்றாலே இங்கிலாந்துக்காரர்கள் காலம் காலமாகக் கல்லூரியில் படித்து வந்த பாடம் என்று தோன்றும். அப்படி இல்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப் பாடமாக வந்தது 1894இல், கேம்பிரிட்ஜில் 1917இல். மெக்காலேயின் குறிப்பு 1835. சென்னை, கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்கள் 1857. அதாவது இங்கிலாந்தின் அந்த இரண்டு பழைய பல்கலைக்கழகங்கள் கைவைப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே இந்தியாவில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் தேர்வுப் பாடமாகிவிட்டார்கள். ஆட்சி நடத்தத் தோதான மனிதர்களை உருவாக்கும் கருவியாக இந்தப் பாடம் இங்கே எப்படிப் பயன்பட்டது என்பதை ஆய்வாளர் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர்கள் உருவாக்க நினைத்த மனிதர்களின் பட்டியலில் நாம் இல்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யார், அந்தப் பட்டத்தை வைத்து எந்த நாற்காலிகளுக்குப் போனார்கள் என்பதெல்லாம் ஊரறிந்த கதை. ஆனாலும் மூடியே வைத்திருந்த கதவுக்கும், காசும் வாய்ப்பும் இருந்தால் திறக்கக்கூடிய கதவுக்கும் வேறுபாடு உண்டு. அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் படித்தபோது சமஸ்கிருதத்தை இரண்டாம் மொழியாக எடுக்க விரும்பினார், அனுமதி மறுக்கப்பட்டது, பாரசீகம் படிக்க வேண்டியதாயிற்று. அதே மனிதர் 1915இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாட்டுக்காரர்கள் பின்வாங்கியதால் பேச முடியாமல் போன உரையைத் தன் செலவிலேயே அச்சிட்டார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த உரையைப் பெரியார் தமிழில் வெளியிட்டார். இப்படித்தான் அது நம் தாத்தாக்கள் கைக்கு வந்தது.

உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பங்கா என்ற கிராமத்தில் 'ஆங்கில தேவி'க்குக் கோயில் கட்டும் முயற்சி 2010இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். தலித் எழுத்தாளர் சந்திர பான் பிரசாத்தின் யோசனை அது. சுதந்திர தேவி சிலை மாதிரி ஓர் உருவம், கையில் பேனா, காலடியில் கம்ப்யூட்டர். பத்திரிகைகள் கேலி செய்தன. நமக்கும் சிலையில் உடன்பாடில்லை; ஒரு மொழியைக் கும்பிட ஆரம்பித்தால் அதற்கும் ஒரு பூசாரி வந்துவிடுவார். ஆனால் அந்தச் சிலைக்குப் பின்னால் இருந்த கோபத்தில் கேலி செய்ய எதுவும் இல்லை. தங்கள் பிள்ளைகளை கான்வென்டுக்கு அனுப்பிவிட்டு, நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பெருமையைப் போதிக்கிறவர்களை நாமும் இங்கே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சாணி வண்டிக்காரர்

சேர்க்கை கிடைத்தது. முதல் பருவத்தில் முதல் பாடம் சாசர். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட கேன்டர்பரி கதைகளின் முன்னுரைப் பகுதி. இரண்டாவது வாரமே பாப்பா அழுதுகொண்டு வந்தாள். ஒரு வரியும் புரியவில்லையாம்.

"உன் கிளாசுல கான்வென்டுல படிச்ச பிள்ளைங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டோம்.

யோசித்துவிட்டு, "அதுங்களுக்கும் புரியல சித்தப்பா" என்றாள்.

புரியாது. புறநானூற்றைக் கையில் கொடுத்தால் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு எப்படிப் புரியாதோ அப்படி. அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம் அது. எழுத்துக்கூட்டு வேறு, பல சொற்களின் பொருள் வேறு. முதுகலை ஆங்கிலத்தின் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். இது நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்லாத விஷயம். சரளமாகப் பேசத் தெரிவது ஒரு திறமை, பழைய பனுவலை வாசிக்கத் தெரிவது வேறொரு திறமை. இரண்டாவதைச் சங்கப் பாடலை உரையோடு படித்துப் பழகிய நம்மால் சொல்லித்தர முடிந்தது. சொல்லைப் பிரி, அருஞ்சொற்பொருளை ஓரத்தில் எழுது, கொண்டுகூட்டு, பிறகு உன் பேச்சில் ஒரு முறை சொல்லிப் பார். தமிழ்ப் புலவர்கள் பாடம் சொன்ன முறைதான். சாசருக்கும் அது செல்லுபடியாயிற்று.

ஒரு மாதம் கழித்து அவளே நமக்கு ஒரு செய்தி சொன்னாள். அந்த யாத்திரைக் கூட்டத்தில் போர்வீரர், துறவி, வணிகர் என்று பலர் வருகிறார்கள். நடுவில் ஓர் உழவரும் வருகிறார். அவர் எத்தனையோ வண்டி சாணி ஏற்றி இறக்கியவர் என்று சாசர் சொல்கிறாராம். அதைப் படித்த அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "இங்கிலீசுக்காரன் புக்குல சாணி வண்டி ஓட்டுறவன் வரானா?" என்று அண்ணன் இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டாராம். மகள் படிப்பது என்ன என்பது அவருக்கு முதன்முதலாகத் தெரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறோம்.

சிக்கல் வந்தது சாசரில் அல்ல. இரண்டாம் பருவத்தில் பாமாவின் 'கருக்கு' பாடமாக இருந்தது. 1992இல் தமிழில் வந்த நூல். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வெளியாகி கிராஸ்வேர்ட் விருது பெற்றது. நம் மண்ணில், நம் பேச்சில் எழுதப்பட்ட ஒரு புத்தகத்தை இந்தப் பிள்ளை முதன்முதலில் ஆங்கிலத்தில்தான் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்திருந்தும் அந்தப் பெயரே அவள் காதில் விழுந்ததில்லை. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் தமிழ் படித்த நாம்தான்.

பாடம் தொடங்கிய அன்று, "இந்த மாதிரி அனுபவம் இங்கே யாருக்காவது உண்டா?" என்று வகுப்பில் கேட்கப்பட்டது. கேட்டவருக்குத் தவறான நோக்கம் இருந்திருக்காது. ஆனால் முப்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. உதவித்தொகைப் பட்டியல் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கப்பட்ட நாளிலிருந்தே யார் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியும். அவள் குனிந்துகொண்டாள். அடுத்த மூன்று நாள் கல்லூரிக்குப் போகவில்லை. நாம் போய்ப் பேசியபோது, "புக்குல படிக்கிறப்ப நல்லாருந்துச்சி சித்தப்பா. அவங்க என்னைப் பாத்தப்பதான் அசிங்கமா இருந்துச்சி" என்றாள்.

நமக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. தமிழ் முதுகலை வகுப்பில் ஒரு பாடலுக்குப் பொருள் சொல்ல எழுந்தோம். நம் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "சேரித் தமிழ் இங்கே வேண்டாம்" என்றார் பாடம் நடத்தியவர். வகுப்பு சிரித்தது. தாய்மொழி என்று நாம் எதைச் சொல்லி வளர்ந்தோமோ, அது அந்த அறைக்குள் நம்முடையதாக இல்லை. அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுவதும் நாம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. இந்தக் கதையை அவளிடம் சொன்னோம். இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

நான்காம் நாள் அவள் போனாள். வழியில் ஏரிக்கரைப் பனைமரத்தடியில் கிடந்த ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். கண்டக்டர் திட்டியிருக்கிறார். கருக்கு என்றால் வாள் முனை என்பது போல வகுப்பில் பொருள் சொல்லியிருந்தார்கள். இவள் மட்டையை மேசைமேல் வைத்து, இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்கிற பல்லைக் காட்டி, "இதுதான் கருக்கு. கைய வச்சா ரெண்டு பக்கமும் அறுக்கும்" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். இலக்கணம் தப்பியிருக்கலாம். அந்த வாரக் கருத்தரங்கக் கட்டுரையை அவளையே வாசிக்கச் சொல்லிவிட்டார்கள்.

இந்த நூல்கள் பாடத்திட்டத்துக்குள் இருப்பது நிரந்தரம் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளையும் மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் நீக்கியது. ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் பலர் எதிர்த்தும் நீக்கம் நடந்தது. பாடத்திட்டக் குழுவின் மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் கேள்வி. அந்த மேசைக்குப் போக வேண்டுமானால் முதலில் எம்.ஏ. வேண்டும், பிறகு நெட் வேண்டும், முனைவர் பட்டம் வேண்டும். வெளியே நின்று கண்டன அறிக்கை எழுதுகிற வேலையை நம்மைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம்.

மூன்றாம் பருவத்தில் கென்யாவின் கூகி வா தியாங்கோ பாடமாக வந்தார். 2025 மே மாதம் மறைந்தாரே, அவர்தான். ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் புகழ்பெற்ற பிறகு, இனி என் தாய்மொழியான கிகூயூவில்தான் எழுதுவேன் என்று திரும்பியவர். பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடிபட்டதை எழுதியவர். "அவரு இங்கிலீச வுட்டுட்டாரு. நாம ஏன் சித்தப்பா இப்பதான் புடிக்கிறோம்?" என்று பாப்பா கேட்டாள்.

உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் யோசித்துச் சொன்னது இது: கூகிக்கு விட்டுவிட ஓர் ஆங்கிலம் இருந்தது, திரும்பிப் போக அவரை ஏற்கும் ஒரு மொழியும் இருந்தது. நமக்கு இரண்டுமே இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு பிறகு எதை விடுவது என்று பேசுவோம். அவளுக்கு இந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. தேர்வுத்தாளில் வேறு மாதிரி எழுதினேன் என்றாள். என்ன எழுதினாய் என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டாள்.

காசு விஷயம்

அரசுக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்பதால் படிப்பு இலவசம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இளங்கலையில் அரசுப் பள்ளி மாணவிகளுக்குக் கிடைத்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், முதுகலையில் கிடையாது. பிள்ளை படிப்பை நிறுத்துவதா தொடர்வதா என்று வீடு யோசிக்கிற அதே மாதத்தில் அந்தப் பணமும் நின்றுபோகிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸில் மட்டும். தொலைதூரக் கல்லூரிக்குப் புறநகர் பஸ்ஸில்தான் போக வேண்டும். புத்தகங்கள் விலை அதிகம். நம் வாசகர் ஒருவர் வாங்கிக் கொடுத்த பழைய பிரதிகளில்தான் இந்த இரண்டு ஆண்டும் ஓடியது. பதிப்புரிமை முடிந்த பழைய ஆங்கில நூல்கள் கூட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் இ-பிஜி பாடசாலை தளத்திலும் பாடக் குறிப்புகள் உண்டு. செல்போனில் படித்துக் கண் எரிகிறது என்று அம்மா வருத்தப்படுகிறார், அதுவும் உண்மைதான்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். அந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் சேர்க்கைக்கு முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பணம் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும் என்பதுதான் நடைமுறை.

சுயநிதிக் கல்லூரிகளில் இதுவே வலையாகிறது. நம்மோடு தொடர்பில் இருக்கும் இன்னொரு பிள்ளை, ஒரு தனியார் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தாள். உதவித்தொகை வரவில்லை, பாக்கியைக் கட்டு என்று சொல்லி அவளுடைய அசல் சான்றிதழ்களைத் தர மறுத்தார்கள். ஓர் ஆண்டு வேலைக்கும் போக முடியவில்லை, பி.எட்.டும் சேர முடியவில்லை. கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, இரண்டு முறை நேரில் போய் நின்ற பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது. வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருப்பாள்.

படித்து முடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பி.எட்.டும் சேர்ந்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். கல்லூரி ஆசிரியராக நெட் அல்லது செட். முதுகலையில் பொதுப் பிரிவினருக்கு 55 விழுக்காடு வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50 போதும். நெட் தேர்வில் 150 கேள்விகள், 300 மதிப்பெண். நம் பிள்ளைகளுக்குக் குறைந்தபட்சத் தகுதி 35 விழுக்காடு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. குழந்தை பிறந்த பிறகும் எழுதலாம் என்று இரண்டு தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறோம், எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பாப்பாவுக்கு இப்போது நான்காம் பருவம். ஆய்வேட்டுக்கு 'கருக்கு' எடுத்திருக்கிறாள். மொழிபெயர்ப்பில் காணாமல் போன சொற்கள் என்பது தலைப்பு. அதற்காக நம்மிடம் இருந்த தமிழ்ப் பிரதியை வாங்கிப் போயிருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு போட்டிருப்பதாகக் கேள்வி, திருப்பித் தருவதாகத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அவள்தான் எடுக்கிறாள்.

இந்த ஆண்டு அதே தெருவிலிருந்து இன்னொரு பெண் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு விண்ணப்பிக்கக் காத்திருக்கிறாள். பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டாம், செல்போனிலேயே பூர்த்தி செய்து தருகிறேன் என்று பாப்பா சொல்லிவிட்டாள். 2 ரூபாய் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.